கண்ணிற் படாத கட்டளைகள்

சொற்செயலி ஒன்றில் முந்நூறு பக்க ஆய்வேடு உருவாகிறது. எழுதி முடித்தவர் முதற்பக்கங்களுக்குத் திரும்பிப் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்கிறார். இயலின் தலைப்பு, அதனை அடுத்து வரியின் விளிம்பு வரை புள்ளிகள், கடைசியில் பக்க எண். ஒவ்வோர் எண்ணையும் கோப்பின் அடிவரை சென்று பார்த்து வந்து பதிக்கிறார். நெறியாளர் இரண்டாம் இயலில் நான்கு பக்கங்களைக் கூட்டச் சொல்கிறார். அதற்குப் பின்வரும் எண்கள் யாவும் பிழையாகின்றன; வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதே மென்பொருளில் தலைப்புகளைத் தலைப்புகளென்று குறித்துவிட்டால் பொருளடக்கம் தானே விளையும். பக்கம் நகர்ந்தால், புதுப்பிக்கச் சொன்ன அளவில் எண்ணும் நகரும். அந்த வசதி பல்லாண்டுகளாக அதே திரையில், இரண்டு மூன்று சொடுக்குகளுக்கு அப்பால் இருக்கிறது.

இதனைப் பயனரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. புள்ளிகளையும் எண்களையும் கையால் இட்டவர் உழைப்புக்கு அஞ்சியவரல்லர். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கேரல், மேரி பெத் ராசன் ஆகிய இருவரும் 1987-இல் இந்த நிலையைத் தெளிவாக ஆராய்ந்து, செயலில் இறங்கிய பயனரின் முரண்பாடு என்று அதற்குப் பெயரிட்டனர். கணினிமுன் அமர்பவர் கடிதத்தை முடிக்க வந்தவர். மென்பொருளைக் கற்க வந்தவரல்லர். சிறிது நேரம் கற்றால் பின்னர்ப் பெருநேரம் மிஞ்சும் என்று தெரிந்தாலும், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கற்க அவருக்கு மனம் வராது. முன்பே தெரிந்த வழியைக் கொண்டே புதிய சிக்கலையும் அவர் தீர்க்க முயல்வார். தட்டச்சுப் பொறியில் புள்ளி வைத்த பழக்கம் இப்படித்தான் திரைக்கும் வந்தது.

உயர்நிலைக் கருவிகளைக் கற்பதற்கென்று மனிதர்கள் தனிநேரம் ஒதுக்குவார்கள் என நம்பி வடிவமைத்த எந்த மென்பொருளும் ஏமாற்றத்திலேயே முடிந்திருக்கிறது. கருவிகள் பணி நடக்கும் பாதையிலேயே எதிர்ப்பட வேண்டும் என்பது என் துணிபு. அது எவ்வாறு கூடும் என்பதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளின் வெற்றிகளும் தோல்விகளும் சான்று தருகின்றன.

கட்டளைகளை நினைவிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்த காலத்தில், அறியாத கட்டளை என்பது இல்லாத கட்டளையே. 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினி, திரையின் மேல்விளிம்பில் பட்டிகளை வரிசையாக நிறுத்தி இந்த நிலையை மாற்றியது. பட்டியைத் திறந்தால் அந்த மென்பொருளால் இயன்றவை கண்முன் விரிந்தன. அதில் இரு நுட்பங்கள் இருந்தன. அந்நேரத்தில் பயன்படாத கட்டளை மறைந்துவிடாமல் மங்கலாக நின்றது. இப்படியொன்று உண்டு, வேறொரு தறுவாயில் உதவும் என்ற செய்தியை அந்த மங்கலே சொன்னது. மேலும், குறுக்குவிசை உள்ள கட்டளைகளின் வலப்பக்கத்தில் அவ்விசை அச்சிடப்பட்டிருந்தது. பட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விரைவான வழி ஒன்று கண்ணிற்படும். இன்றுவரை நாம் காணும் மேசைக்கணினிப் பட்டிகள் இந்த இரு பண்புகளையும் தாங்கியே வருகின்றன.

பட்டி என்னும் அமைப்பு சில பத்துக் கட்டளைகளுக்கு ஏற்றது. ஆயிரத்தைத் தாங்க அதனால் இயலவில்லை. விண்டோசுக்கான வேர்டு மென்பொருளின் முதற்பதிப்பு 1989-இல் வந்தபோது அதில் ஏறத்தாழ 100 கட்டளைகளும் 2 கருவிப்பட்டைகளும் இருந்தன. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டளைகள் 1500-ஐத் தாண்டின, கருவிப்பட்டைகள் 31, பக்கவாட்டில் திறக்கும் பணிப்பலகங்கள் 19. புதிய வசதி வேண்டுமென்று பயனர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை முன்பே மென்பொருளில் இருந்தன என்பதை வேர்டை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களே வெளிப்படையாகக் கூறினர். பொறியாளர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்று, அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருக்கே தெரியாமற் கிடப்பது பெரிய இழப்பு. அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இந்நெரிசலைத் தீர்க்க அந்நிறுவனம் முதலிற் கையாண்ட இரு வழிகளும் பொய்த்தன. பொய்த்த காரணம் கற்கத் தக்கது.

ஒன்று, ஆபீஸ் 2000 தொகுப்பில் வந்த சுருக்கப் பட்டிகள். அடிக்கடி பயன்படுத்துவனவற்றை மட்டும் காட்டி மற்றவற்றை ஓர் இரட்டை அம்புக்குறியின் பின்னே ஒளித்தன. பயன்பாடு மாறமாறப் பட்டியின் உள்ளடக்கமும் மாறியது. நேற்று மூன்றாம் வரியில் இருந்த கட்டளை இன்று ஐந்தாம் வரியில் இருக்கும், மறுவாரம் காணாமற்போகும். கையும் கண்ணும் இடத்தைக் கொண்டே நினைவு கொள்கின்றன. இடம் பெயர்ந்தால் அந்த நினைவு பயனற்றுப் போகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா ஃபிண்ட்லேட்டரும் ஜோவன்னா மெக்ரெனியரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தானே மாறும் பட்டியைவிட மாறாது நிற்கும் பட்டியே விரைவானதென்று தெரிந்தது. அதனினும் முதன்மையான ஒன்றை அவ்விருவரும் 2010-இல் காட்டினர். இடைமுகத்தை ஒருவரின் இன்றைய தேவைக்கேற்பச் சுருக்கினால் அன்றாட வேலை விரைவாகலாம். ஆனால் அவர் பயன்படுத்தாத வசதிகளைப் பற்றிய அறிவு குன்றுகிறது. நாளை வேறொரு வேலை வரும்போது அதற்குரிய கருவி இருப்பதே அவருக்குத் தெரியாது. எளிமை என்ற பெயரில் எல்லாவற்றையும் மூன்று கோடுகளாலான பட்டிக்குறிக்குள் அடைத்துவைக்கும் இக்கால வழக்கத்துக்கு இந்த முடிவு நேராகப் பொருந்தும்.

மற்றொன்று, ஆபீஸ் 97-இல் திரையோரம் தோன்றிய தாள்பிடிப்பு உருவம். அதன் பின்னே நல்ல அறிவியல் இருந்தது. எரிக் ஹார்விட்சும் அவருடைய குழுவினரும் லூமியேர் என்ற ஆய்வுத்திட்டத்தில், பயனரின் செயல்களைக் கண்டு அவருக்கு எப்போது உதவி வேண்டியிருக்கும் என்பதை நிகழ்தகவு முறையில் உய்த்துணர முயன்றனர். விற்பனைக்கு வந்த பொருளில் அதன் ஒரு பகுதியே இடம்பெற்றது. பயனர் முன்பு என்ன செய்தார், எதில் தேர்ந்தவர் என்ற நீடித்த நினைவு அவ்வுருவத்துக்கு இல்லை. எனவே நூறாவது கடிதம் எழுதுபவரிடமும், கடிதம் எழுதுகிறீர்களா, உதவட்டுமா என்று முதல்நாள் போலவே வினவியது. 2001-இல் வந்த பதிப்பில் அது தொடக்கத்திலேயே அணைத்துவைக்கப்பட்டது, 2007-இல் நீக்கப்பட்டது. உதவி தவறான நேரத்தில் வந்தால் அது இடையூறு. இரண்டொருமுறை இடையூறு செய்த உதவியைப் பயனர் பிறகு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மறைத்தலே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 1984-இல் ஜான் கேரலும் கரோலின் கேரிதர்சும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சொற்செயலியைப் புதிதாகக் கற்பவர்க்கு, அவரைத் தடுமாறச் செய்யும் உயர்நிலைக் கட்டளைகளைத் தடுத்துவைத்த பதிப்பு ஒன்றைத் தந்தனர். அக்கட்டளையைத் தேர்ந்தால், இது இப்போது கிடைக்காது என்ற செய்தி மட்டும் வரும். அந்தப் பதிப்பில் கற்றவர்கள் முழுப் பதிப்பில் கற்றவர்களைவிட விரைவாகத் தேறினர். இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, கட்டளைகள் பட்டியிலிருந்து அகற்றப்படவில்லை என்பதே. பெயர் கண்ணிற்பட்டுக்கொண்டே இருந்தது. கதவு மட்டும் சிறிது காலம் பூட்டியிருந்தது. பின்னர் மெக்ரெனியரும் உடனாய்வாளர் ஒருவரும் வேர்டு பயனர் 53 பேரை ஆராய்ந்தபோதும், பயன்படாத வசதிகளை அடியோடு நீக்கிவிடச் சொன்னவர்கள் குறைவானவர்களே. மிகுதி என்று குறைபட்டுக்கொண்டவர்களுள்ளும் பலர் அவை எங்கேனும் இருக்கட்டும் என்றனர். மனிதர்கள் வாய்ப்புகளை இழக்க விரும்புவதில்லை. தெரிந்துகொள்ள வழி கேட்கிறார்கள்.

2007-இல் ரிப்பன் என்ற பெயரில் வந்த கருவி நாடா அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய விடை. ஜென்சன் ஹாரிஸ் முதலிய வடிவமைப்பாளர்கள் இசைவு தந்த பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய தரவின்படி, வேர்டு 2003-இல் கட்டளைப் பயன்பாட்டின் ஏறத்தாழ 32 விழுக்காடு ஒட்டுதல், சேமித்தல், நகலெடுத்தல், செய்ததை மீட்டல், தடித்த எழுத்து ஆகிய ஐந்துக்கே உரியது. ஒட்டுதல் மட்டும் 11 விழுக்காட்டுக்கு மேல். மிஞ்சிய பெரும்பங்கு நூற்றுக்கணக்கான கட்டளைகளிடையே மெலிதாகப் பரவிக்கிடந்தது. அவற்றை எல்லாருக்கும் எந்நேரமும் காட்டுவதைவிட, உரிய பொருள் கையிலிருக்கும்போது காட்டுவது மேல் என்பது அவர்கள் கண்ட வழி. அட்டவணைக்குள் சுட்டியை வைத்தால் அட்டவணைக்குரிய தாவல்கள் மேலே எழும்; வெளியே வந்தால் மறையும். சொல்லொன்றைத் தேர்ந்தால் அதன் அருகே சிறு கருவிப்பட்டை மங்கலாகத் தோன்றும். சுட்டி அதை நெருங்க நெருங்கத் தெளிவடையும், விலகிச் சென்றால் கரைந்துவிடும். பயனரின் கை போகும் திசையையே விடையாகக் கொண்டு விலகிக்கொள்ளும் இந்த அடக்கம், தாள்பிடிப்பு உருவத்துக்கு இல்லாதது. அந்நாடாவின் குறை, பழைய பட்டிகளில் பல ஆண்டுகள் பழகிய கைகளை ஒரே நாளில் வழியறியாதவையாக்கியது. தேர்ந்தவர்களின் சினம் நியாயமானதே. அவர்கள் இழந்தது உண்மையான திறமை.

திறமையின் இந்த இயல்பை மிக ஆழமாக உணர்ந்த கண்டுபிடிப்பு, பரவலாகப் பேசப்படாத ஒன்று. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கார்டன் கர்டன்பாக், பில் பக்ஸ்டனின் துணையோடு 1990-களின் முற்பகுதியில் உருவாக்கிய கீற்றுப்பட்டி அது. எழுதுகோலைத் திரையில் ஊன்றி நொடியின் மூன்றிலொரு பங்கு காத்திருந்தால் அவ்விடத்தைச் சூழக் கட்டளைகள் வட்டமாக விரிகின்றன. வேண்டிய கட்டளை வடகிழக்கில் இருந்தால் வடகிழக்கு நோக்கி இழுத்துவிட வேண்டும். பலமுறை செய்தவருக்குத் திசை நினைவில் தங்கிவிடுகிறது. அவர் காத்திருக்காமல் வடகிழக்காக ஒரு கீற்று இழுக்கிறார். பட்டி தோன்றாமலேயே கட்டளை நிறைவேறுகிறது. ஐயம் எழும் நாளில் சற்றே காத்தால் வட்டம் மீண்டும் வந்து வழிகாட்டும். உட்பட்டியான இரண்டாம் அடுக்குக்குக் கீற்று வளைந்து செல்கிறது. அடுக்கொன்றுக்கு எட்டுத் திசை எனில் இரண்டு அடுக்கு வரையும், நான்கு திசை எனில் நான்கு அடுக்கு வரையும் கை பிழையின்றிச் செய்யும் என்று அவர்களின் சோதனைகள் காட்டின. உண்மையான பணியில் இதனைப் பழகியவர்களைக் கவனித்தபோது, கீற்று இழுத்தல் பட்டியைப் பார்த்துத் தேர்வதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு விரைவாக இருந்தது. இம்முறை பின்னர் மாயா என்னும் முப்பரிமாண உருவாக்க மென்பொருளில் இடம்பெற்றது.

இதன் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. தொடக்கநிலையாளர் செய்யும் கையசைவும் தேர்ந்தவர் செய்யும் கையசைவும் ஒன்றே. பட்டியைப் பார்த்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தம்மை அறியாமலேயே தேர்ச்சிக்கான ஒத்திகை பார்க்கிறார். குறுக்குவிசைகளில் அது நிகழ்வதில்லை. ஆயிரம்முறை பட்டியைத் திறந்து சுட்டியால் சொடுக்கினாலும் விரல்கள் எந்த விசையையும் பழகுவதில்லை. விசைக்கு மாற ஒருநாள் வேண்டுமென்றே முயல வேண்டும், மாறிய புதிதில் வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். பழகிய வேர்டு பயனர் 251 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. பல்லாண்டு பயன்படுத்திய பின்னும் அவர்களுட் பெரும்பாலோர் குறுக்குவிசைகளை அரிதாகவே கையாண்டனர். பட்டியின் வலப்பக்கத்தில் விசை அச்சிட்டிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. பின்வந்த ஆய்வாளர்கள், கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்த மாத்திரத்தில் திரையிலுள்ள எல்லாக் கட்டளைகளின் மேலும் அவற்றின் விசைகளைக் காட்டும் முறையை முயன்று நற்பயன் கண்டனர். அதுவும் ஒத்திகை நெறியே. ஈமேக்ஸ் என்னும் பழைய தொகுப்பி, கட்டளையின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து இயக்கியவரிடம், இதற்கு இன்ன விசை உண்டு என்று கீழ்வரியில் சிறுபொழுது காட்டி மறையும். வேலை நடந்து முடிந்துவிட்டது, எதுவும் தடைப்படவில்லை, அடுத்தமுறைக்கான பாடம் மட்டும் கிடைத்தது. உலகின் எல்லா மென்பொருள்களும் இவ்வொரு வரியைக் கடன்கொள்ளலாம்.

கருவியே பயனரைத் தேடி வந்த ஒரு சான்றையும் கூற வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் சுமித் குல்வானி, விமானத்தில் உடன் பயணம் செய்த பெண்மணியொருவர் விரிதாளில் பெயர்களை வேண்டிய வடிவில் அமைக்க முடியாமல் தம்மிடம் உதவி கேட்டதே தம் ஆய்வுக்குத் தூண்டுதல் என்று கூறியிருக்கிறார். எடுத்துக்காட்டுகளைக் கொண்டே நிரலை உய்த்துணரும் முறையை அவர் 2011-இல் வெளியிட்டார். எக்செல் 2013-இல் அது வசதியாக வந்தது. ஒரு நெடுவரிசையில் முழுப்பெயர்கள் நூறு உள்ளன என்று கொள்வோம். பக்கத்து நெடுவரிசையின் முதற்கட்டத்தில் முதற்பெயரை மட்டும் பிரித்துத் தட்டச்சு செய்கிறோம். இரண்டாம் கட்டத்தில் ஓரெழுத்து இட்டவுடன் கீழுள்ள கட்டங்கள் யாவற்றிலும் உரிய முதற்பெயர்கள் சாம்பல் நிறத்தில் தோன்றுகின்றன. எண்டர் விசையை அழுத்தினால் அவை நிலைபெறும். பொருட்படுத்தாமல் தட்டச்சைத் தொடர்ந்தால் மறையும். இதற்குரிய வாய்பாட்டைத் தாமே எழுதுவதென்றால், வெற்றிடம் எங்கே என்று கண்டு அதன் இடப்பக்கத்தை வெட்டும் சார்புகளை அறிந்திருக்க வேண்டும். இங்கோ பயனர் தாம் அறிந்த எளிய வழியில், கையால் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அந்த எளிய வழியே உயர்நிலைக் கருவியின் வாயிலாயிற்று. செயலில் இறங்கிய பயனரின் முரண்பாட்டுக்கு இதனினும் செம்மையான விடையை நான் கண்டதில்லை. அவரை மாற்ற முயலாமல், அவர் இயல்பாகச் செய்வதையே மென்பொருள் கேள்வியாக எடுத்துக்கொண்டது.

எல்லாக் கருவிகளும் இவ்வாறு தேடி வர இயலாது. ஆதலின் தேடல் வேண்டும். 2007-இல் வெளிவந்த மேக் இயங்குதளப் பதிப்பின் உதவிப் பட்டியில் ஒரு தேடற்பெட்டி இடம்பெற்றது. சொல்லை இட்டால் பொருந்தும் கட்டளைகள் வரிசையாக வரும். ஒன்றின்மேல் சுட்டியை வைத்தால், அக்கட்டளை உறையும் பட்டி தானே திறந்து, நீலநிற அம்பொன்று மிதந்தபடி அதன் இடத்தைக் காட்டும். தேடிய கட்டளையை இயக்கித் தருவதோடு அதன் இருப்பிடத்தையும் கற்பிக்கிறது அந்த அம்பு. பின்னர் உபுண்டு இயங்குதளத்திலும் நிரலாளர்களின் தொகுப்பிகளிலும் கட்டளைத் தேடல் பரவியது. அவற்றுட் பெரும்பாலானவை விரைவைத் தந்தன, அம்பைத் தரவில்லை.

தேடலுக்கு உள்ள இயல்பான தடை சொல். ஜார்ஜ் ஃபர்னசும் உடனாய்வாளர்களும் 1987-இல் காட்டியபடி, ஒரே பொருளுக்கு இருவர் ஒரே சொல்லைத் தாமாகத் தேர்வதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு. வடிவமைப்பாளர் எவ்வளவு சிந்தித்து வைத்த பெயராயினும், தேடுபவரிற் பெரும்பாலோர் வேறு சொல்லைத்தான் இடுவர். ஒவ்வொரு கட்டளைக்கும் பல பெயர்களை ஏற்பதே அவர்கள் தந்த தீர்வு. சொல்லே தெரியாத நிலைக்கும் ஒரு வழி முயலப்பட்டது. டொரண்டோவில் உள்ள ஆட்டோடெஸ்க் ஆய்வகத்தினர் 2009-இல் வெளியிட்ட முறை, ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளின் பயனர் ஒருவரின் பணிப்பாங்கை அவரையொத்த மற்றவர்களின் பாங்கோடு ஒப்பிட்டு, அவர்கள் பயன்படுத்தி இவர் பயன்படுத்தாத கட்டளைகளைத் திரையோரத்தில் பரிந்துரைத்தது. குறுக்கே வந்து நிற்கவில்லை. கண் திரும்பும்போது அங்கே இருந்தது.

இன்று உரையாடும் இயந்திரங்கள் மென்பொருள்களுக்குள் நுழைந்து, வேண்டியதைச் சொல், செய்து தருகிறேன் என்கின்றன. சொற்சிக்கலை அவை பெருமளவு தீர்த்துவிடுகின்றன. உரிய சொல் தெரியாமல் வருந்திய பலருக்கு அது பெரும் பேறு. எனினும் வெற்றுப்பெட்டி தன்னால் என்னென்ன இயலும் என்பதைக் காட்டுவதில்லை. பொருளடக்கம் தானே விளையும் என்று அறியாதவர் அதைக் கேட்கவும் மாட்டார். லிசா பட்டிகள் தந்த காட்சி, பழைய கட்டளைவரியின் இருட்டுக்குள் மறுபடியும் போய்விடக்கூடும். இயந்திரம் செய்துதரும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த நீல அம்பு இணைந்தே வரவேண்டும். எந்தப் பட்டியில் எந்தக் கட்டளையால் இது நடந்தது என்று காட்ட வேண்டும்.

தமிழில் இதற்கென உடனே செய்யத்தக்க வேலை ஒன்று காத்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளான லிபர்ஆபீஸ் தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிறது. 2021-இல் வந்த அதன் 7.2 பதிப்பில் கட்டளைகளைத் தேடும் பெட்டி சேர்ந்தது. தமிழ் இடைமுகத்தில் தேடுபவர் கலைச்சொல்லையும் இடுவார், தட்டச்சு நிலையத்தில் வழங்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் இடுவார், வேலையை விவரிக்கும் ஒரு சொற்றொடரையும் இடுவார். கட்டளைதோறும் இத்தனை பெயர்களையும் தாங்கிய பட்டியல் ஒன்று வேண்டும். அதனைத் திரட்ட நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. ஆய்வேடுகளும் அழைப்பிதழ்களும் அச்சாகும் நிலையங்களில் அமர்ந்து, வேலை செய்பவர்கள் எதனை எவ்வாறு அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பொறுமையுள்ள சிலர் போதும்.